இரும்பில் முதல் இடம்

உலகத்தில் குடும்பங்கள் இரண்டே வகை. ரத்தத்தில் இரும்பு உள்ளவை ஒன்று, இல்லாதவை மற்றொன்று. முதல் வகையில் முதன்மையான குடும்பம் எது என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஐந்து நாற்காலி போட்ட ஒரு கூடத்தில், எழுத்துபூர்வமாக நிரூபிக்கப்பட்டது. பின்னாளில் கண்டவரும் 'நானும் அங்கே இருந்தேன்' என்று சொந்தம் கொண்டாடக் கூடாது. ஆகவே இருந்தவர்களை இப்போதே பதிவு செய்துவிடுவது நல்லது.

தலைமை வகித்தவர், குடும்பத் தலைவர். முப்பத்து நான்கு வருடம் விடைத்தாள் திருத்தி, தலைமைத் தேர்வாளராக ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரைப் பெரியவர் என்றே அழைப்பார்கள். முன்னிலை வகித்தவர், அவர் மனைவி. வரவேற்புரை, நன்றியுரை, இரண்டுக்கும் நடுவே தேவைப்பட்ட இடமெல்லாம் 'ஆமாம்' ஆகியவற்றை வழங்கியவர், பெரியவரின் தம்பி. குடும்பத்தில் அவருக்கு 'ஆமாம் சித்தப்பா' என்று பெயர். பார்வையாளராக இருந்தவன், பெரியவரின் ஒரே மகன். காப்பீட்டு அலுவலகத்தில் ஊரார் உயிருக்கெல்லாம் உத்தரவாதம் எழுதுகிறவன். வீட்டில் வாய் திறக்காதவன். ஐந்தாவது நாற்காலியில் கோப்புகள் அமர்ந்திருந்தன. எனவே மருமகள் நின்றபடி கலந்துகொண்டாள்.

கூட்டத்தின் பொருள், ரத்தப் பரிசோதனை முடிவுகள். ஐந்து பேர் சேர்ந்து ரத்தம் கொடுத்தால் 'குடும்பச் சலுகை' என்று பரிசோதனைக் கூடம் ஒன்று அறிவித்திருந்தது. சலுகை வந்த அதே வாரம், மருமகள் ஈரத்துணி வாளியோடு மாடிப்படியில் தலை சுற்றி உருண்டாள். வாளி நசுங்கிப்போனது. நல்ல கனமான வாளி. இனியும் இப்படிப் பொருட்சேதம் ஏற்படக் கூடாது என்ற தொலைநோக்கோடு பெரியவர் ஐந்து பேர் பெயரையும் பதிவு செய்தார்.

இங்கே அந்த வீட்டின் ஒரு மரபைச் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரும் எந்தக் காகிதமும் முதலில் பெரியவர் கைக்குத்தான் போகும். அவர் சிவப்புப் பேனாவால் எண்களைச் சுழித்து, மதிப்பெண் போட்டு, கீழே கையெழுத்திடுவார். மின்கட்டண ரசீதுக்கு மதிப்பெண் உண்டு. உறவினர் அனுப்பிய திருமண அழைப்பிதழ் ஒன்று எழுத்துப்பிழைக்காகப் பத்துக்கு நாலு வாங்கி, அனுப்பியவருக்கே திரும்பிப் போயிருக்கிறது. சிவப்பு மை பட்டால் பட்டதுதான். கையெழுத்துக்கு மேலே பிரம்மாவே வந்தாலும் திருத்த முடியாது. ஒரு வருடம் அவரிடம் வந்த விடைத்தாள் கட்டுக்குள் மகனுடையதும் இருந்தது. முப்பத்து மூன்று போட்டார். கூட்டலில் ஐந்து விட்டுப்போனது இரண்டு நாளில் தெரிந்தது. தெரிந்தால் என்ன? மை காய்ந்துவிட்டதே. மகன் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகுதான் அவன் அதிகம் பேசாதவன் ஆனான் என்று சிலர் சொல்வார்கள். நேர்மைக்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா?

அந்தப் பேனாவைத்தான் பெரியவர் இப்போது திறந்தார். வலது கையின் முதல் இரண்டு விரல்களும் சில வருடமாக மூட்டில் வலித்தன. முப்பத்து நான்கு வருட உழைப்பின் வலி என்று அதற்கு வீட்டில் மரியாதை. அவர் முகம் வேறு கொஞ்ச நாளாகச் செப்புப் பாத்திரம் போல மினுங்கிக்கொண்டிருந்தது. மனைவி அதைத் தேஜஸ் என்றார். ஆமாம் சித்தப்பா ஆமாம் என்றார்.

"நாலு தாள்," என்று பெரியவர் தொடங்கினார். "ஹீமோகுளோபின், சீரம் அயர்ன், ஃபெரிட்டின், பைண்டிங் கெபாசிட்டி. முதல் தாள்ல எல்லாரும் பாஸ். நம்ம வீட்டு மருமக பன்னெண்டு புள்ளி ஆறு. பன்னெண்டு பாஸ் மார்க். தப்பிச்சா."

சீரம் அயர்னில் பெரியவர் இருநூற்றுப் பன்னிரண்டு. மருமகள் முப்பத்து நாலு. பிறகு மூன்றாம் தாள் வந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஃபெரிட்டின். நான் ஆயிரத்து நூத்து எண்பத்து நாலு."



"ஆயிரத்துக்காண்ணா?" என்றார் தம்பி.

"ஆயிரத்தையும் தாண்டி."

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஆங்கில 'எச்' ஒன்று இருந்தது. அது என்ன என்று கேட்டதற்கு, ஹானர்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்று தம்பி கருத்துத் தெரிவித்தார். கருத்து ஏகமனதாக ஏற்கப்பட்டது. தம்பியின் எண் இருநூற்றுப் பத்து, இரண்டாம் இடம். மகன் நூற்று நாற்பது. மனைவி எண்பத்தெட்டு.

"மருமக, ஆறு."



"ஆறுன்னு வெளிய சொல்லிடாதீங்க," என்றார் மாமியார் தாழ்ந்த குரலில். "கேட்டா அறுபதுன்னு சொல்லிக்கலாம்."

பெரியவர் பொய் சொல்லும் குலத்தில் பிறந்தவர் அல்லர். ஆறைச் சுழித்தார். பக்கத்தில் 'தோல்வி. அக்கறையின்மையே காரணம்' என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தேதியும் போட்டார். தாளை மருமகளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, வாயில் இருந்த எதையோ சத்தமில்லாமல் கடித்தாள்.

அது பனிக்கட்டி. இந்த விவகாரமும் பதிவுக்குரியது. ஆறு மாதமாகக் குளிர்பெட்டியில் பனிக்கட்டித் தட்டு காலியாகிக்கொண்டே இருந்தது. பெரியவர் விசாரணைக் குழு அமைத்தார். குழுவில் அவரும் தம்பியும். மருமகள்தான் அள்ளி அள்ளித் தின்கிறாள் என்று கண்டுபிடிக்கப்பட்டு, தட்டுக்கு வருகைப்பதிவேடு போடப்பட்டது. காலை பத்து மணிக்கும் எழுந்திருக்க முடியாமல் படுத்துக் கிடப்பது, கொத்துக் கொத்தாக முடி கொட்டிக் குளியலறைத் துவாரத்தை அடைப்பது, ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்குவது என்று அவள் மேல் வேறு குற்றங்களும் நிலுவையில் இருந்தன. இவ்வளவுக்கும் சேர்த்து வீட்டில் ஒரே சொல்தான் புழங்கியது: சோம்பல்.

விழா இத்தோடு மங்களமாக முடிந்திருக்கும். நான்காம் தாள் கெடுத்தது. பைண்டிங் கெபாசிட்டியில் மருமகள் நானூற்று எண்பத்திரண்டு. பக்கத்தில் தடித்த 'எச்'. பெரியவர் இருநூற்று நாற்பத்தெட்டு. பக்கத்தில் 'எல்'. ஐந்து பேரில் கடைசி.

"கெபாசிட்டின்னா திறமைதானே?" என்று மாமியார் கேட்டார்.  'எச்' என்றால் ஹானர்ஸ் என்று ஐந்து நிமிடத்துக்கு முன் ஏகமனதாக ஏற்றவர்கள் அல்லவா? 'எல்' என்றால் என்ன என்று கேட்கும் துணிவு அந்தக் கூடத்தில் யாருக்கும் இல்லை. ஆமாம் சித்தப்பாவே ஆமாம் சொல்லாமல் இருந்த முதல் நாள் அதுதான்.

நின்ற இடத்தில் மருமகள் லேசாகச் சிரித்தாள். பெரியவர் அதைப் பார்த்துவிட்டார்.

அன்று மாலையே பரிசோதனைக் கூடத்துக்கு மனு போயிற்று. 'திறன் தாளில் மறுகூட்டல் கோருதல் தொடர்பாக' என்று தலைப்பு. பெரியவர் இவ்வளவு பதறியதற்கு வேறு காரணமும் உண்டு. அடுத்த ஞாயிறு ரத்ததான முகாம். அதில்தான் அந்தக் குடும்பத்துக்குக் 'கொடைக் குலம்' என்ற கேடயம் கிடைக்கப்போகிறது.

கூடத்துச் சுவரில் இருபத்து நான்கு சான்றிதழ்கள் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கின. ஒவ்வொன்றிலும் பெரியவரின் பெயரும், அதற்குக் கீழே 'மற்றும் குடும்பத்தார்' என்றும் இருந்தது. இருபத்தைந்தாவதற்குச் சுவரில் ஆணி அடித்துத் தயாராக வைத்தாயிற்று. இருபத்தைந்து ஆனால் கேடயம். வருபவர்கள் சுவரைப் பார்த்து வாய் பிளப்பார்கள். எட்டு வருடத்தில் இருபத்து நான்கு முறையா, இந்த வயதிலா என்பார்கள். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, "நம்ம ரத்தம் அப்படி" என்பார். பொய் சொல்லும் குலமல்ல என்று முன்பே சொன்னோம். அவர் 'நம்ம' என்றார். 'என்' என்று ஒருநாளும் சொன்னதில்லை.

படுத்துக் கை நீட்டியவள் மருமகள். நாலு மாதத்துக்கு ஒரு முறை, பஞ்சாங்கம் தவறினாலும் அவள் தவறியதில்லை. எல்லாருக்கும் ஏற்றக்கூடிய ரத்த வகை அவளுடையது என்பதால் முகாமில் அவளுக்கு ஏக வரவேற்பு. வீட்டில் சொத்துப் பேச்சு வந்தால் அவள் வேற்று ரத்தம். முகாம் வந்தால் நம்ம ரத்தம். ரத்தம் கொடுத்தவருக்கு முகாமில் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் பழச்சாறும் தருவார்கள். அதையும் அவள் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். குடும்பத்தின் பெயரில் கிடைத்தது அல்லவா.

மனுவுக்குப் பதிலாகப் பரிசோதனைக் கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. நாங்களே உங்களைக் கூப்பிட இருந்தோம், முடிவைப் பார்த்த டாக்டர் உடனே வரச் சொல்கிறார், நீங்களும் மருமகளும் இருவருமே வர வேண்டும் என்றார்கள். முதல் இடம் பெற்றவரைப் பாராட்டவும், தோற்றவளைக் கண்டிக்கவும் அழைக்கிறார்கள் என்று பெரியவர் சரியாகவே ஊகித்தார். கஞ்சி போட்ட சட்டை அணிந்தார். தம்பியையும் அழைத்துக்கொண்டார், பாராட்டுக்குச் சாட்சி வேண்டும்.

டாக்டர் குட்டையாக முடி வெட்டிய ஒரு நடுவயதுப் பெண்மணி. அவர்கள் உள்ளே நுழைந்ததுமே, "உக்காருங்கம்மா" என்று மருமகளைப் பார்த்துச் சொன்னார். அறையில் நாற்காலி இரண்டுதான். மருமகள் மாமனாரைப் பார்த்தாள். "உங்களத்தான்," என்றார் டாக்டர். அவள் உட்கார்ந்தாள். இன்னொன்றில் பெரியவர். தம்பி எடை பார்க்கும் கருவியின் மேல் நின்றுகொண்டார். அதில் முள் அறுபத்தொன்பதில் நின்றது.

டாக்டர் தாள்களைப் புரட்டினார். சிவப்புச் சுழிகளைப் பார்த்தார்.

"இதுல யாரு கையெழுத்துப் போட்டது?"

பெரியவர் அடக்கத்தோடு தொண்டையைச் செருமினார்.

"சார், இது மார்க் ஷீட் இல்ல. எச்-ன்னா இருக்க வேண்டியதுக்கு மேல. எல்-ன்னா கீழ. அவ்வளவுதான். ஃபெரிட்டின்னா உடம்பு உள்ள சேத்து வெச்சிருக்கிற இரும்பு. சீரம் அயர்ன், இன்னிக்கு ரத்தத்துல ஓடுறது. பைண்டிங் கெபாசிட்டின்னா, இரும்பு வந்தா வாங்கிக்க எத்தனை கை இருக்குன்னு அர்த்தம். சேமிப்பு தீந்துபோச்சுன்னா உடம்பு இன்னும் நாலு கையை நீட்டும். இவங்களுக்கு அத்தனை கையும் காலியா நீட்டிக்கிட்டு இருக்கு. அதான் நானூத்து எண்பத்திரண்டு."

"அப்ப அது திறமை இல்லையா?" என்றார் தம்பி, எடைக் கருவியிலிருந்து.

"பட்டினி," என்றார் டாக்டர்.

ஹீமோகுளோபினில் பாஸ்தானே என்று பெரியவர் விதியை எடுத்து வைத்தார். அது கடைசியாக விழுவது என்றார் டாக்டர். சேமித்து வைத்ததெல்லாம் தீர்ந்த பிறகுதான் அது சரியும். அதுவரை பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். ஆனால் ஆளால் எழுந்து நிற்க முடியாது. பிறகு மருமகளிடம் திரும்பி, முடி கொட்டுகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று வரிசையாகக் கேட்டார். கடைசியில், "ஐஸ் கடிக்கணும்னு தோணுதா?" என்றார்.

மருமகள் மாமனாரைப் பார்க்காமல் தலையசைத்தாள்.

"அதுவும் இதனாலதான்மா. இரும்பு ஏறினா தானா போயிடும்."

விசாரணைக் குழுவின் இரு உறுப்பினர்களும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

இவ்வளவு இரும்பு எப்படிப் போயிற்று என்று டாக்டர் கேட்டார். ரத்தம் கொடுத்தேன் என்றாள் மருமகள். எத்தனை முறை? இருபத்து நாலு. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் உடம்பு சேர்த்து வைத்ததில் ஒரு பங்கு போய்விடும் என்றார். நடுவில் இரும்பு மாத்திரை யாராவது வாங்கிக் கொடுத்தார்களா என்று கேட்டார்.

"வீட்டுல டானிக் இருக்கு," என்றாள் அவள். "மாமா குடிக்கிறாங்க. காலைல ரெண்டு ஸ்பூன், ராத்திரி ரெண்டு ஸ்பூன். பத்து வருஷமா."

டாக்டர் பெரியவரைப் பார்த்தார். முதலில் முகத்தை, அப்புறம் கையை. இரண்டு விரல் மூட்டையும் அழுத்தினார். பெரியவர் முனகினார்.

"சார், உங்க உடம்புல இரும்பு வழியுது. மூட்டுல, கல்லீரல்ல, தோல்ல எல்லாம் போய்ப் படிஞ்சிருக்கு. முகத்துல இருக்கிற செப்பு நிறத்தைத் தேஜஸ்னு நினைச்சுடாதீங்க, துரு மாதிரின்னு வெச்சுக்குங்க. உறுதி பண்ண இன்னும் ரெண்டு டெஸ்ட் எடுக்கணும். அந்த டானிக்க இன்னிக்கே தூக்கிப் போடுங்க. இது பரம்பரையா வர்றது."

பரம்பரை என்றதும் பெரியவரின் முதுகு நிமிர்ந்தது.

"எனக்கும் இருக்குமா டாக்டர்?" என்றார் தம்பி ஆவலாக.

வைத்தியம் என்ன என்று பெரியவர் கேட்டார். மருமகளுக்கு நரம்பு வழியாக இரும்பு மருந்து ஏற்ற வேண்டும், பிறகு மாத்திரை, ஒரு வருடத்துக்கு ஒரு சொட்டு ரத்தமும் கொடுக்கக் கூடாது. பெரியவருக்கு மருந்து எதுவும் கிடையாது.

"பின்ன?"

"ரத்தத்தை எடுத்துடணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு பை. வேற வழி இல்ல. நீங்க முப்பது வருஷமா ரத்தம் குடுத்திருந்தா இந்த அளவுக்கு வந்தே இருக்காது."

மூவரும் வீடு திரும்பினார்கள். ஆனால் பெரியவர் சும்மா இருந்தார் என்று யாரும் தவறாக நினைக்க வேண்டாம். குலப்பெருமை என்பது ஒரு டாக்டரின் மூன்று வரிச் சீட்டில் கரைந்துபோகும் பொருளா? சனிக்கிழமை மாலை இரண்டாவது கூட்டம் கூட்டினார். இருந்தவர்கள் முன்போலவே.

டாக்டர் சொன்னது 'ஆலோசனை', 'ஆணை' அல்ல என்று தொடங்கினார். முகாமில் பார்ப்பது ஹீமோகுளோபின் மட்டும்தான். அதில் மருமகள் பாஸ். எட்டு வருடம் கொடுத்தவளுக்கு இன்னும் ஒரே ஒரு முறை பெரிதா? நாளைக்கு இருபத்தைந்தை முடித்துவிட்டால், திங்கட்கிழமை மருந்து ஏற்றிக்கொள்ளலாம். கேடயத்தில் 'மற்றும் குடும்பத்தார்' என்ற எழுத்தை ஒரு சுற்றுப் பெரிதாகப் போடச் சொல்லிக் கேட்பதாகவும் வாக்களித்தார். தம்பி ஆமாம் என்றார். மாமியார் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். மகன் தரையைப் பார்த்தான்.

மருமகள் ஐந்தாவது நாற்காலியிடம் போனாள். அதன் மேல் இருந்த கோப்புகளை இரு கையாலும் அள்ளிக் கீழே வைத்தாள். உட்கார்ந்தாள். பிறகு மடித்து வைத்திருந்த தாளை எடுத்து விரித்தாள்.

"மாமா, இதுல என்ன எழுதியிருக்கு?"

பெரியவர் பார்த்தார். தன் கையெழுத்துத் தனக்குத் தெரியாதா?

"நான் ஃபெயில்னு நீங்கதான் போட்டீங்க. சிவப்பு மை. கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கு. ஃபெயில் ஆனவங்கள எப்படி மாமா கேடயத்துக்கு அனுப்புறது? குடும்பத்துக்கு இழுக்கு இல்லையா?"

"அது... அந்த டாக்டரே மார்க் ஷீட் இல்லைன்னு..."

"அப்ப தப்பாப் போட்டுட்டேன்னு அடிச்சு எழுதுங்க. கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு வர்றேன்."

அவள் தாளைப் பெரியவர் முன் வைத்தாள். அதன் மேல் சிவப்புப் பேனாவை வைத்தவன் மகன். அவன் எப்போது எழுந்து வந்தான் என்று யாருக்கும் தெரியாது. "போடுங்கப்பா," என்றான். "என்னோடதையும் சேத்து."

பெரியவர் பேனாவை எடுத்தார். விரல் மூட்டு வலித்தது. முப்பத்து நான்கு வருடம், ஒரு திருத்தம் கிடையாது. ஒரு பக்கம் கேடயம், ஒரு பக்கம் கையெழுத்து. இரண்டும் குலப்பெருமைதான். தன் பிழையை ஒப்புக்கொள்ளாத பெருமையே இரண்டில் மூத்தது என்பது நீண்ட யோசனைக்குப் பின் அவருக்குத் தெளிவாயிற்று. பேனாவை மூடினார்.

"அப்ப நீ போ," என்றார் மகனிடம். "உனக்கு நூத்து நாப்பது இருக்கே."

"அய்யோ, அவன் வேலைக்குப் போறவன்," என்று பதறினார் மாமியார். "ரத்தம் குடுத்தா தளர்ந்துட மாட்டானா?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதுக்கே கேட்டது. கூடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மருமகள் மட்டும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

ஞாயிறன்று பெரியவரே முகாமுக்குப் போனார். தன் உடம்பிலிருந்து எப்படியும் எடுக்கப்போகும் ரத்தம். அதையே இருபத்தைந்தாவதாகக் கணக்கில் கொள்ளலாமே என்று பெருந்தன்மையோடு கேட்டார். வயது எழுபத்திரண்டு என்றதும் எடுக்க மாட்டோம் என்றார்கள். டாக்டர் சீட்டைக் காட்டியதும், இருபது வயதாக இருந்தாலும் இதை எடுக்க மாட்டோம் என்றார்கள். கேடயம் வேறொரு குடும்பத்துக்குப் போயிற்று. சுவரில் ஆணி இருக்கிறது. அதில் இப்போது மருமகளின் கைப்பை தொங்குகிறது.

நிறைவாக ஒரு விளக்கம். ஓய்வுபெற்ற தேர்வாளர் சங்கத்தின் மாத இதழில், ஆமாம் சித்தப்பா எழுதிய கட்டுரை ஒன்று வந்தது. சோகை கண்டு துவண்ட மருமகளுக்கு மாமனார் தன் இரும்பு ரத்தத்தையே கொடுத்துப் பிழைக்க வைத்தார் என்பது அதன் சாரம். தெருவிலும் அதுதான் பேச்சு. குடும்பத்தின் பெயரைக் காக்க வேண்டிய கடமை இருப்பதால் இங்கே உள்ளபடி சொல்லிவிடுகிறோம்.

அந்தச் செய்தி தவறு. பெரியவரின் ரத்தம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பையில் எடுக்கப்பட்டு, மருத்துவக் கழிவோடு எரிக்கப்படுகிறது. மருமகளுக்கு அதில் ஒரு சொட்டும் ஏறவில்லை. அவளுக்கு ஏறியது பாட்டிலில் வந்த மருந்து. அந்த வீட்டில் ஒருவர் ரத்தத்தை எடுத்து மற்றவர் பெயரில் ஏற்றினார்கள் என்பது மட்டும் உண்மை. அது இருபத்து நான்கு முறை நடந்தது. யாரிடமிருந்து யாருக்கு என்பதைத்தான் இதழ் மாற்றிப் போட்டுவிட்டது.